கணினி சுணங்கினால் சிபியு நேரம் யாருக்குப் போகிறது: லினக்ஸில் அறிகுறி வாரியாகப் பிடிக்கும் வழிமுறை

"அண்ணே, கொம்பியூட்டர் ஸ்டக் ஆகுது, போர்மட் பண்ணித் தாங்க" என்று சொல்லிக்கொண்டு மெஷினைத் துணியில் சுற்றி பஸ்ஸில் ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ தூக்கி வருகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் போர்மட் தேவைப்படாது. எந்த மென்பொருள் ப்ரொசெசரின் (அதாவது சிபியுவின்) நேரத்தை எடுக்கிறது என்று அளந்து பார்த்தால், வீட்டிலேயே தீர்க்கக்கூடியதா, செலவு வைப்பதா என்று தெரிந்துவிடும். டியூஷன் வகுப்பு, போட்டோகொப்பி கடை, தோட்ட ஒபிஸ் என்று பழைய மெஷினில் லினக்ஸ் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இது.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் ஷிப்ட் என்று சொல்லியிருக்கிறோம். உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றிலும் சிஸ்ஸ்டாட், ஏடொப், எல்எம்-சென்சர்ஸ், ஸ்மார்ட்மொன்டூல்ஸ் ஆகிய நான்கு பொதிகளையும் முதலில் நிறுவிக்கொள்ளுங்கள். சில எம்பிதான், டொங்கிள் டேட்டாவில் இறக்கினாலும் பாரமில்லை. ஓடும் மென்பொருள்களைப் பட்டியலிடும் டொப், பிஎஸ் கட்டளைகள் இரண்டும் ஏற்கெனவே இருக்கும்.

அறிகுறி 1: எல்லாமே சுணங்குகிறது, டொப்பில் ஒரே பெயர் மேலே நிற்கிறது

டொப்பைத் திறந்து ஷிப்டுடன் பேப்பரின் பி எழுத்தை அழுத்தினால், சிபியு அதிகம் எடுப்பது மேலே வரும். முதல் திரையை வைத்து முடிவு எடுக்காதீர்கள். சதவீதம் என்பது இரண்டு அளவீடுகளுக்கு இடையில் செலவான நேரம். டொப் 3 நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும். நான்கைந்து முறை மாறிய பிறகு படியுங்கள். சிறிய சி அழுத்தினால் முழுக் கட்டளையும் தெரியும். ஒரே பெயரில் ஐந்து பைத்தன் ஓடினால், எது எது என்று பிரித்தறிய இது வேண்டும்.

மேலே நிற்பது ப்ரௌசர் என்றால் டொப்பை விட்டுவிட்டு ப்ரௌசருக்குள் போங்கள். குரோம், பயர்பொக்ஸ் இரண்டிலும் ஷிப்ட், எஸ்கேப் சேர்த்து அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு எடுக்கிறது என்ற பட்டியல் வரும். அந்த டேப்பை மட்டும் மூடினால் போதும்.

ட்ராக்கர்-மைனர், பலூ-பைல் என்ற பெயர்கள் நின்றால், அவை பைல்களைத் தேடலுக்காக அட்டவணைப்படுத்துகின்றன. கல்யாண வீட்டுப் போட்டோக்களைப் பென் டிரைவிலிருந்து மொத்தமாகக் கொப்பி பண்ணிய அன்று இது வரும். வேலை முடிந்தால் தானாக அடங்கும். பக்கேஜ்கிட், ஸ்நெப்டி, அன்அட்டென்டெட்-அப்கிரேட் என்று வந்தால், பல நாள் இணையம் இல்லாமல் இருந்த மெஷின் டொங்கிளைக் கண்டதும் அப்டேட்டைத் தொடங்கியிருக்கிறது. இடையில் பவரை நிறுத்தாதீர்கள். பாதியில் நின்ற அப்டேட், சுணக்கத்தைவிடப் பெரிய தலைவலி.

யூடியூப் பார்க்கும்போது மட்டும் சிபியு நிரம்பினால், அநேகமாக வீடியோவை கிராபிக்ஸ் சிப் அல்லாமல் ப்ரொசெசரே விரித்துக் காட்டுகிறது. இன்டெல் 7ஆம் தலைமுறைக்கு முந்திய சிப்களில் விபி9 வீடியோவுக்கு முழு வன்பொருள் ஆதரவு இல்லை. ஏவி1 வகைக்கு 11ஆம் தலைமுறை வேண்டும். தரத்தை 480க்கு இறக்கினாலே நிலைமை மாறும். எச்264 வடிவத்தையே கேட்கவைக்கும் ப்ரௌசர் நீட்சிகளும் உண்டு. இதற்காக ரெம் வாங்கிப் போடுவது வீண்செலவு.

இவை எதுவும் இல்லாமல், யாரும் தொடாதபோதும் ஒரு மென்பொருள் எடுத்துக்கொண்டே இருந்தால் கணக்காக அளக்க வேண்டும். மாதச் சம்பளப் பட்டியல் திறந்திருக்கும் லிப்ரே ஒபிஸை எடுத்துக்கொள்வோம். டொப்பில் அதன் பெயர் சொபிஸ்.பின், பிஐடி (ஓடும் மென்பொருளின் அடையாள எண்) 4312 என்று வைத்துக்கொள்ளுங்கள். /ப்ரொக்/4312/ஸ்டாட் என்ற பைலை கேட் கட்டளையால் திறந்தால் ஒரே வரியில் எண்கள் வரும். அதில் 14ஆவது எண் மென்பொருள் தன் வேலைக்குச் செலவழித்த நேரம். 15ஆவது, அதற்காக கேர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) செலவழித்த நேரம். இரண்டும் டிக் என்ற அலகில் இருக்கும். கெட்கொன்ப் கட்டளையில் சிஎல்கே_டிசிகே என்று பெரிய எழுத்தில் கேட்டால், நொடிக்கு எத்தனை டிக் என்று சொல்லும், சாதாரணமாக 100. இரண்டு எண்ணையும் கூட்டிக் குறித்துவிட்டு, 60 நொடி கழித்துத் திரும்பக் கூட்டுங்கள். முதலில் 48210, பிறகு 51150 என்றால், வித்தியாசம் 2940 டிக், அதாவது 29.4 நொடி. 60 நொடியில் 29.4 நொடி போயிருக்கிறது: ப்ரொசெசரின் ஒரு கோரில் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளில் ஒன்றில்) 49%. யாரும் ஒரு செல்லைக்கூடத் தொடாத நிமிடத்தில் இந்தக் கணக்கு வந்தால், ஷீட்டில் ஏதோ ஒரு சூத்திரம் ஓயாமல் திரும்பத் திரும்பக் கணிக்கப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். தானியங்கிக் கணிப்பை நிறுத்திவிட்டு மறுபடி அளந்தால் உறுதியாகிவிடும்.

எண்களை இடமிருந்து எண்ணும்போது ஒரு பொறி இருக்கிறது. இரண்டாவது இடத்தில் மென்பொருளின் பெயர் அடைப்புக்குறிக்குள் வரும், அதில் இடைவெளி இருக்கலாம். பயர்பொக்ஸின் டேப்கள் "ஐசொலேட்டட் வெப் கோ" என்று மூன்று சொல்லாக, 15 எழுத்தில் வெட்டுப்பட்டுத் தெரியும். அங்கே உங்கள் 14ஆவது எண் உண்மையில் 12ஆவது. மூடும் அடைப்புக்குறிக்குப் பிறகு வரும் எழுத்தை 3 என்று வைத்து எண்ணத் தொடங்குங்கள்.

இதையே கையால் கூட்டாமல் செய்வது பிட்ஸ்டாட். «பிட்ஸ்டாட் -யூ -பி 4312 5 12» என்றால் 5 நொடிக்கு ஒரு வரியாக 12 வரியும், கடைசியில் சராசரியும் தரும். இதில் பேப்பரின் பி ஷிப்ட் இல்லாத சிற்றெழுத்து. வெயிட் என்ற பத்தியை விடாமல் பாருங்கள்: மென்பொருள் ஓடத் தயாராக இருந்தும் ப்ரொசெசர் கிடைக்காமல் வரிசையில் நின்ற நேரம் அது. சிபியு பத்தி சிறியதாகவும் வெயிட் பெரியதாகவும் இருந்தால், நீங்கள் பார்ப்பது திருடனை அல்ல, பறிகொடுத்தவனை.

ஆளைப் பிடித்த பிறகு கொல்லத்தான் வேண்டும் என்றில்லை. «ரெனைஸ் 19 -பி 4312» என்றால் மற்றவர்கள் எடுத்தது போக மிச்சத்தை அது எடுத்துக்கொள்ளும். சர்விஸாக (பின்னணியில் தானாக) ஓடுவது என்றால் சிஸ்டம்சிடிஎல் செட்-ப்ரொபர்ட்டி மூலம் சிபியுகோட்டா (சிபியு நேரத்துக்கு உச்சவரம்பு) வைக்கலாம். அங்கே 100% என்பது முழு மெஷின் அல்ல, ஒரு கோர்.

அறிகுறி 2: சிபியு 100%ஐத் தாண்டிக் காட்டுகிறது, அல்லது 25%இலேயே நிற்கிறது

இரண்டும் பழுதல்ல. டொப் சாதாரணமாக ஒரு கோரை 100% என்று எண்ணும். நான்கு கோர் மெஷினில் ஒரு மென்பொருள் 400% வரை போகலாம். ஷிப்டுடன் ஐ அழுத்தினால் மொத்த மெஷினையும் 100 என்று வைத்துக் காட்டும்.

கவனிக்க வேண்டியது, நான்கு கோர் மெஷினில் மொத்தம் 25%இல் நிற்பது. மேல்வரியில் முக்கால்வாசி சும்மா இருக்கிறது என்று காட்டும், மென்பொருளோ நகராது. எண் 1ஐ அழுத்துங்கள், கோர்கள் தனித்தனியாக விரியும். ஒன்று மட்டும் நிரம்பி மற்றவை ஓய்ந்திருந்தால், அந்த மென்பொருள் ஒரே இழையில் (ஒரு நேரத்தில் ஒரு கோரில் மட்டும் ஓடும் வேலைவரிசையில்) வேலை செய்கிறது. இதற்கு அதிக கோர் உள்ள மெஷின் வாங்கிப் பயனில்லை. ஒரு கோரின் வேகம் கூடிய ப்ரொசெசர்தான் உதவும். எந்த இழை என்று பார்க்க ஷிப்டுடன் எச். பழைய ஐ3, ஐ5 மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இரண்டு கோரை நான்காகக் காட்டுபவை என்பதையும் நினைவில் வையுங்கள். 200%ஐத் தாண்டிய பிறகு அங்கே கிடைப்பது இரட்டிப்பு வேகம் அல்ல.

அறிகுறி 3: பிஎஸ் ஒரு எண் சொல்கிறது, டொப் வேறு எண் சொல்கிறது

இரண்டும் சரி, கேள்விதான் வேறு. பிஎஸ் காட்டும் சதவீதம், மென்பொருள் தொடங்கியதிலிருந்து இன்றுவரையான சராசரி. காலையில் திறந்து மாலை 4 மணிக்கு வெறிபிடித்த மென்பொருள் அதில் 3% என்று சாதுவாக நிற்கும். "இப்போது யார்" என்றால் டொப் அல்லது பிட்ஸ்டாட். "திறந்ததிலிருந்து மொத்தம் யார்" என்றால் «பிஎஸ் -ஈஓ பிட்,கொம்,ஈடைம்ஸ்,சிபியுடைம்ஸ்» என்று கேளுங்கள். மூன்றாவது பத்தி உயிரோடு இருந்த நொடிகள், நான்காவது சிபியு நொடிகள். சதவீதத்தைவிட இந்த இரண்டு எண்ணும் நேர்மையானவை.

அறிகுறி 4: லோட் 8, 10 என்று நிற்கிறது, சிபியுவோ ஓய்ந்திருக்கிறது

எங்கள் பக்கப் பழைய மெஷின்களில் அதிகம் வருவது இதுதான், அதிகம் தவறாகப் படிக்கப்படுவதும் இதுதான். லினக்ஸில் லோட் (டொப்பின் முதல் வரியில் லோட் எவரேஜ் என்று வரும் எண்) என்பது சிபியுவுக்காக நிற்பவர்களை மட்டும் எண்ணுவதில்லை. டிஸ்க்கிலிருந்து பதில் வரும்வரை எழுப்ப முடியாத தூக்கத்தில் இருப்பவர்களையும் சேர்த்து எண்ணும். டொப்பின் மேல்வரியில் டபிள்யூஏ என்ற எண் 30, 40 என்று ஏறியிருந்தால் குற்றவாளி ப்ரொசெசர் அல்ல. கீழே எஸ் பத்தியில் டி (டிஸ்க்கின் டி) என்று நிற்கும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். «பிட்ஸ்டாட் -டி 5» (இதுவும் டிஸ்க்கின் டி, சிற்றெழுத்து) யார் எவ்வளவு படிக்கிறார், எழுதுகிறார் என்று சொல்லும்.

செலவில்லாத காரணத்திலிருந்து வாருங்கள். பென் டிரைவுக்குக் கொப்பி ஓடுகிறதா? முடியட்டும். ரெம் போதாமல் ஸ்வொப் (ரெமில் இருப்பதை டிஸ்க்குக்கு மாற்றுவது) ஓடுகிறதா? «விஎம்ஸ்டாட் 5» போட்டு எஸ்ஐ, எஸ்ஓ பத்திகளைப் பாருங்கள். முதல் வரியை விட்டுவிட்டு அடுத்த வரிகளிலும் அவை பூச்சியமாகாமல் ஓடினால் ரெம்தான் குறை. 4 ஜிபி மெஷினில் ப்ரௌசரும் லிப்ரே ஒபிஸும் சேர்ந்தால் இது வரும். இங்கேதான் ரெம் வாங்குவது நியாயமான செலவு.

இரண்டும் இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க்கைச் சோதியுங்கள். «சுடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ» தரும் பட்டியலில் 5ஆவது, 197ஆவது அடையாள எண்களுக்கு நேரே வலதுகோடியில் உள்ள எண் பூச்சியமாக இருக்க வேண்டும். 5 மாற்றிவைக்கப்பட்ட செக்டர்கள், 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை. 197 ஏறியிருந்தால் முதலில் சம்பளப் பைலையும் போட்டோக்களையும் வேறிடத்துக்கு எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் கொப்பி பண்ணக்கூட முயலாமல் பவரை நிறுத்திவிட்டு, தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். திரும்பத் திரும்ப ஓன் செய்து பார்ப்பதுதான் மீட்கக்கூடியதையும் கெடுக்கும்.

அறிகுறி 5: மொத்த சிபியு நிரம்பியிருக்கிறது, பட்டியலில் யாரும் இல்லை

மேல்வரி 90% என்கிறது, கீழே உள்ளவர்களைக் கூட்டினால் 10 வருவதில்லை. முதல் சந்தேகம் அற்பாயுள் மென்பொருள்கள். பிறந்து அரை நொடியில் முடிந்துபோகிறவை டொப்பின் 3 நொடி இடைவெளிக்குள் விழுவதில்லை. ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் சுழற்சிக்குள் கிரெப், செட் போன்ற சிறு கட்டளைகளை ஆயிரம் முறை கூப்பிட்டால் இப்படித்தான் இருக்கும். டொப்பில் ஷிப்டுடன் எஸ் அழுத்துங்கள். முடிந்துபோன பிள்ளைகளின் நேரம் பெற்றோரின் டைம் கணக்கில் சேரும், ஸ்கிரிப்ட் தலைகாட்டும். பெற்றோர் அவர்களின் முடிவை வாங்கிக்கொண்ட பிறகே சேரும் என்பதால் எண் தாவித் தாவி ஏறும். பிபிஎப்சிசி-டூல்ஸ் பொதியில் உள்ள எக்செக்ஸ்னூப், புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு கட்டளையையும் வரிவரியாக ஓட்டிக்காட்டும். உபுண்டுவில் அதன் பெயர் எக்செக்ஸ்னூப்-பிபிஎப்சிசி.

எக்செக்ஸ்னூப்பிலும் எதுவும் ஓடவில்லை, மெஷின் மட்டும் சூடாக இரைகிறது என்றால் இரண்டாவது சந்தேகம்: ஒளிந்திருந்து வேறொருவருக்காக க்ரிப்டோ நாணயம் கணிக்கும் கொயின் மைனர். இணையத்துக்குத் திறந்த மெஷினில் எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து உள்நுழையும் வழி) பாஸ்வேர்ட் லேசானதாக இருந்தால் வழி அதுவே. /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.ப்ரீலோட் என்ற பைல் சாதாரண மெஷினில் இருக்காது. இருந்தால் பட்டியலிலிருந்து பெயரை மறைக்கும் வேலை நடக்கிறது என்று கொள்ளலாம். «க்ரொன்டெப் -எல்», /ஈடிசி/க்ரொன்.டி, /டிஎம்பி, /டெவ்/எஸ்எச்எம் ஆகியவற்றில் நீங்கள் வைக்காதது ஏதும் உண்டா பாருங்கள். உறுதியானால் கேபிளைக் கழற்றி, வைபையை நிறுத்துங்கள். இங்கே நாமே துடைத்துச் சுத்தம் செய்ய முயல வேண்டாம். உள்ளே வந்தவன் வேறு எதை விட்டுப்போனான் என்று சாதாரணப் பார்வைக்குத் தெரியாது. ஆவணங்களை மட்டும் எடுத்துவிட்டு முழுதாக மீள நிறுவுவதும், எல்லாப் பாஸ்வேர்டையும் வேறு மெஷினிலிருந்து மாற்றுவதும்தான் தீர்வு. மற்றவர்களின் தரவு இருக்கும் சேர்வர் என்றால் பாதுகாப்பு தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 6: மேலே நிற்பது நீங்கள் நிறுவாத பெயர்

கேஸ்வொப்டி0 என்றால் ரெம் தட்டுப்பாடு. அறிகுறி 4க்குப் போங்கள். கேசொப்ட்ஐஆர்க்யூடி என்றால் நெட்வேர்க் போன்றவற்றின் குறுக்கீடுகள் குவிகின்றன. வைபை டொங்கிளைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

ஐடில்_இன்ஜெக்ட் என்ற பெயர் கோருக்கு ஒன்றாக 50% என்று நின்றால் பயப்படவும் வேண்டாம், கொல்லவும் வேண்டாம். அது நேரத்தைத் தின்பதில்லை. ப்ரொசெசர் சூடேறியதால் கேர்னல் வேண்டுமென்றே கட்டாய ஓய்வு கொடுக்கிறது. அந்த ஓய்வு செலவு போலத் தெரிகிறது. அறிகுறி 7ஐப் பாருங்கள்.

கேவேர்க்கர், அதுவும் பெயரில் கேஏசிபிஐடி ஒட்டிக்கொண்டு ஒரு கோரை நிரப்பினால், மதர்போர்டிலிருந்து ஒரு சிக்னல் ஓயாமல் அடிக்கிறது. /சிஸ்/பர்ம்வெயார்/ஏசிபிஐ/இன்டரப்ட்ஸ் என்ற போல்டரில் ஜிபிஈ என்று தொடங்கும் பைல்கள் இருக்கும். ஒன்றில் மட்டும் எண்ணிக்கை இலட்சக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தால் அதுதான். அந்தப் பைலில் டிஸேபிள் என்று ரூட்டாக (நிர்வாகியாக) எழுதினால் உடனே அடங்கும். ரீபூட்டுக்குப் பிறகு திரும்ப எழுத வேண்டும். ஆனால் அது மூடி திறப்பதையோ சார்ஜரையோ அறிவிக்கும் சிக்னலாகவும் இருக்கலாம், நிறுத்திய பின் அவற்றைச் சோதியுங்கள். நிரந்தரத் தீர்வு பயோஸ் அப்டேட். மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. பாதியில் கரண்ட் போனால் மதர்போர்டு உயிர் விடும். இதைக் கடையில் செய்யக் கொடுங்கள்.

அறிகுறி 7: போன மாதம் 2 நிமிடத்தில் முடிந்த வேலைக்கு இப்போது 5 நிமிடம்

வேலையை முன்னால் டைம் என்று போட்டு ஓட்டுங்கள். ரியல், யூசர், சிஸ் என்று மூன்று எண் வரும். யூசரும் சிஸ்ஸும் கூடியது ரியலைவிட மிகக் குறைவென்றால் வேலை காத்திருக்கிறது. டிஸ்க்கையோ இணையத்தையோ பாருங்கள். யூசர் நேரமே இரண்டு மடங்காகியிருந்தால் ப்ரொசெசரின் வேகம் இறங்கியிருக்கிறது. சிபியு நொடி என்பது வேலையின் அளவல்ல, நேரத்தின் அளவு. வேகம் பாதியானால் அதே வேலைக்கு இரட்டிப்பு நொடி ஆகும்.

வேலை ஓடும்போதே இன்னொரு டெர்மினலில் «கிரெப் எம்எச்இசட் /ப்ரொக்/சிபியுஇன்போ» என்று பாருங்கள். எம் பெரிய எழுத்து, எச் பெரிய எழுத்து. கூடவே சென்சர்ஸ் கட்டளையும். வெப்பநிலை 90ஐத் தாண்டி வேகம் இறங்கினால் சூடு. வெப்பநிலை 50இல் இருக்க வேகம் 800இலோ அதற்குக் கீழோ ஒட்டிக்கொண்டால், மடிக்கணினி பவர் சேவிங்கில் இருக்கிறது அல்லது சார்ஜரை அடையாளம் காணவில்லை. சில மடிக்கணினிகள் வேறு சார்ஜர் போட்டால் வேகத்தைத் தாமே அடக்கிவிடும். ஒரிஜினல் சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கிச் சோதிப்பது செலவில்லாத வேலை.

நுவரெலியாக் குளிரில் சூடு எப்படி வரும் என்று கேட்பார்கள். ஹீட்சிங்க் இடுக்கில் தூசு அடைத்தால் வெளியே எவ்வளவு குளிராக இருந்தும் உள்ளே காற்றுப் போகாது. தொழிற்சாலையை ஒட்டிய ஒபிஸ்களில் தேயிலைத் தூசு நார் போல விசிறிக்கும் தகட்டுக்கும் இடையில் படியும். உயரமும் சேர்கிறது: நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, விசிறி தள்ளும் காற்று அந்தளவுக்குக் குறைவான சூட்டையே எடுத்துப்போகும். குளிருக்குக் கம்பளிமேல் வைத்து மடிக்கணினி பாவிப்பது இன்னும் மோசம். முதலில் மேசைக்கு மாற்றுங்கள், பிறகு விசிறியைக் கையால் பிடித்துக்கொண்டு தூசை ஊதுங்கள். அதற்கும் 90 இறங்காவிட்டால் தேர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டும். மடிக்கணினியைப் பிரித்துப் பழக்கமில்லாதவர்கள் கடைக்குக் கொடுப்பதே மேல்.

அறிகுறி 8: நாம் பார்க்கும்போது சரியாக இருக்கிறது, இரவில்தான் தொல்லை

ஏடொப் நிறுவியிருந்தால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு விழும். «ஏடொப் -ஆர்» இன்றைய பதிவைத் திறக்கும். சிறிய டி (டைமின் டி) முன்னே, ஷிப்டுடன் அதே டி பின்னே நகர்த்தும். இடைவேளைக்குள் முடிந்துபோன மென்பொருளின் பெயர் கோண அடைப்புக்குள் வரும். இரவு 2 மணி வாக்கில் ஜிசிப் (பைல்களைச் சுருக்கும் கட்டளை) என்று வந்தால், யாரோ வைத்த பெக்கப் ஸ்கிரிப்ட். மெஷின் தானாக ஓப் ஆன இரவில் பதிவு எந்த நிமிடத்தோடு நிற்கிறது என்றும் பாருங்கள். கடைசிப் பதிவில் சிபியு ஓய்ந்திருந்தால் காரணம் மென்பொருள் அல்ல. பவர் சப்ளையையும் வயரிங்கையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

அறிகுறி 9: வாடகை சேர்வரில் எதுவும் ஓடவில்லை, ஆனாலும் சுணக்கம்

டொப் மேல்வரியின் கடைசி எண் எஸ்டி. உங்களுக்கு வர வேண்டிய நேரத்தை அதே இயந்திரத்தில் இருக்கும் பக்கத்து வாடிக்கையாளர்கள் எடுத்துக்கொண்டால் அது ஏறும். 10க்கு மேல் மணிக்கணக்காக நின்றால் உங்கள் பக்கத்தில் திருத்த எதுவுமில்லை. «எம்பிஸ்டாட் 60 30» போட்டு அரை மணி நேரப் பதிவை எடுத்து, சேவை வழங்குநருக்கு அனுப்பி வேறு இயந்திரத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். எஸ்டி பூச்சியமாக இருந்தும் உங்கள் சர்விஸ் மட்டும் திணறினால், அதன் சிக்ரூப் (கேர்னல் அந்த சர்விஸுக்கு வைக்கும் வரம்புகளின்) போல்டரில் சிபியு.ஸ்டாட் பைலைத் திறந்து என்ஆர்_த்ரொட்டில்ட் எண்ணைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டிருந்தால், முன்பு யாரோ வைத்த கோட்டாதான் கழுத்தைப் பிடிக்கிறது.